முப்பத்திரண்டாம் நாள் வந்த செய்தி

அக்கா இறந்த செய்தி எனக்கு முப்பத்திரண்டாம் நாள் கிடைத்தது. லண்டனில், காலையில் வேலைக்குப் புறப்பட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். தெரியாத இலங்கை நம்பர்.

“தம்பி நாதனோ? நான் நெல்லியடியிலையிருந்து திலகம் கதைக்கிறன். புவனத்தோடை தபால் கந்தோரிலை வேலை செய்தனான்.”

“ஓம், சொல்லுங்கோ.”

“புவனம் மோசம் போயிட்டா, தம்பி.”

“ஐயோ. எப்ப?”

“நேற்றோடை முப்பத்தொண்டு முடிஞ்சுது.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு சப்பாத்தோடு நின்றேன். அந்த அம்மா தொடர்ந்தார். “என்னைக் கோவிக்காதையுங்கோ தம்பி. அவ கொப்பியிலை எழுதி வைச்சவ. ‘தம்பிமாருக்குத் துடக்குத் தீட்டு வந்தால் இடைஞ்சலாக இருக்கும். எல்லாம் முடிந்தபிறகு அறிவிக்கவும்.’ பேப்பரிலை போடக் கூடாது, ரேடியோவிலை சொல்லக் கூடாது. கொள்ளி என்ரை அண்ணையின்ரை மகன் வைச்சவன்.”

எங்கள் ஊரில் ஒரு மாடு கன்று போட்டால், அந்தக் கன்று எழும்பி நிற்க முன்னரே கனடாவுக்குச் செய்தி போய்விடும். அப்படிப்பட்ட குடாநாட்டில் ஒரு மனுசியின் சாவை ஒரு மாதம் மூடி வைத்திருக்கிறார்கள், அவர் சொன்னார் என்பதற்காக. அக்காவை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. அவர் ஒன்று சொன்னால் அதற்கு அப்பீல் இல்லை.

வழக்கமாக எங்கள் ஆட்களுக்கு முப்பத்தோராம் நாள் நினைவு மலர் ஒன்று அடிப்பார்கள். படம், குடும்ப விபரம், தேவாரம், நாலு பேரின் புகழ்ச்சி. அக்காவுக்கு அது அடிக்கப்படவில்லை. அடிக்க வேண்டியவர்கள் நானும் தம்பி ரவியும். எங்களுக்குத்தான் செய்தியே இல்லையே. அதனால் அந்த மலரில் நான் எழுதியிருக்க வேண்டியதை இங்கே பிந்தி எழுதுகிறேன். மலரில் என்றால் நல்லதாக எழுதியிருப்பேன். இப்போது உள்ளதை எழுதுகிறேன்.

மருதனார்மடத்துக்குக் கிட்ட எங்கள் ஊர்த் தபால் கந்தோரில் அக்கா இருபத்தெட்டு வருடம் இருந்தார். கடைசிப் பதினாறு வருடமும் அவர்தான் தபாலதிபர். இதை வாசிக்கிற பலருடைய வீட்டுக்கு அவர் கையால் தந்தி வந்திருக்கும். தந்திச் சேவகன் இல்லாத நாளில் தானே சைக்கிளில் கொண்டுபோவார். “ஆற்றை பேர் எழுதியிருக்கோ, அது அவையின்ரை சொத்து. நாங்கள் தூக்கிக்கொண்டு போறது மட்டும்தான்” என்பார்.

ஒரு கலியாண வீட்டுக் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும். தாலி கட்ட ஒரு மணித்தியாலம் இருக்கையில், பெண்ணின் தகப்பனுடைய தமையன் மலேசியாவில் இறந்துவிட்டார் என்று தந்தி வந்தது. செய்தி தெரிந்தால் துடக்கு. துடக்கு என்றால் கலியாணம் நின்றுவிடும். வீட்டுப் படலையிலேயே அக்காவை மறித்தார்கள். “பிள்ளை, உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறம், தாலி ஏறினாப் பிறகு குடு” என்று கெஞ்சினார்கள். அக்கா கேட்கவில்லை. தகப்பனைத் தனியாகக் கூப்பிட்டு, தந்தியைக் கையில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினார். அந்த மனிதர் தந்தியை மடித்து வேட்டி மடிக்குள் செருகிக்கொண்டு போய் மகளைத் தாரை வார்த்துக் கொடுத்தார். பின்னேரம்தான் விசயத்தைச் சொன்னார். பெண்டுகள் அக்காவை மூதேவி என்று திட்டினார்கள். ஆனால் அந்த மனிதர் சாகும்வரை அக்காவைக் கண்டால் எழும்பி நிற்பார். “என்ன செய்யிறது எண்டதை என்ரை கையிலை விட்டது அந்தப் பிள்ளை ஒண்டுதான்” என்று சொல்வாராம்.

இந்தக் கதையை நானே லண்டனில் எத்தனை பேருக்குச் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன். கதை சொல்ல எனக்கு நன்றாக வரும்.

நாங்கள் நாலு பேர். மூத்தது அக்கா, அடுத்தது நோர்வேயில் இருந்த தவமண்ணை, பிறகு நான், கடைசி கனடாவில் இருக்கும் ரவி. அக்கா கலியாணம் செய்யவில்லை. அம்மா போன பிறகு எங்கள் மூன்று பேரையும் ஆளாக்கி, ஒவ்வொருத்தராக வெளிநாட்டுக்கு ஏற்றிவிட்டு, அந்த வீட்டில் தனியே இருந்தார். நாலு பேரும் ஒன்றாக இருந்து முப்பது வருடத்துக்கு மேல். இரண்டு வருடத்துக்கு முன்னர் ரவிக்கு ஒரு யோசனை வந்தது. சென்னையிலிருந்து புறப்பட்டு இலங்கைத் துறைமுகங்களைச் சுற்றிவரும் பெரிய உல்லாசக் கப்பலில், மனைவி பிள்ளைகள் இல்லாமல், நாங்கள் நாலு பேரும் ஒரே அறையில் போவது. “அஞ்சு நாள் ஆரும் எங்கையும் ஓட ஏலாது” என்றான். அதில் ஒன்றும் பிழையில்லை. நல்ல மனத்தோடுதான் செய்தான்.

இடையில் தவமண்ணைக்கு இருந்த நோய் வருத்தம் கடுமையாகி ஆசுப்பத்திரியில் படுத்துவிட்டார். நீங்கள் மூன்று பேரும் போங்கோ, நான் அடுத்தமுறை வாறன் என்று அவரே சொன்னார். அக்கா பலாலியில் விமானம் ஏறிச் சென்னைக்கு வந்தார். கப்பல் ஏறும் நாள் காலை, அக்கா குளித்துக்கொண்டிருந்தபோது, ரவியின் போனுக்கு நோர்வேயிலிருந்து அண்ணி எடுத்தார். தவமண்ணை விடிய முடிந்துவிட்டார்.

ஹோட்டல் நடையில் நின்று, பத்தே நிமிடத்தில், நானும் ரவியும் முடிவெடுத்தோம். எங்களிடம் காரணங்கள் இருந்தன. அக்காவுக்கு நெஞ்சு வருத்தம். நோர்வேயில் உடல் எரிக்க இன்னும் பத்து நாள் செல்லும். அக்காவுக்கு விசா கிடைக்கப்போவதுமில்லை. சொன்னால் அந்த நிமிடமே துடக்கு. முப்பத்தொரு நாளைக்குக் கோயில் இல்லை, பயணம் இல்லை, ஒன்றுமில்லை. கப்பலும் இல்லை. “அஞ்சு நாள்தானே அண்ணை. முடிச்சுக்கொண்டு வந்து பக்குவமாச் சொல்லுவம்” என்றான் ரவி. நான் ஓம் என்றேன். அவன் கேட்டு நான் ஓம் என்றதாகத்தான் இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிவந்தேன். அவன் கேட்காவிட்டால் நான் கேட்டிருப்பேன். அதுதான் உண்மை.

கப்பல் அறை ஒரு அடுப்படி அளவு. யன்னல் இல்லை. கீழே இரண்டு படுக்கை, சுவரிலிருந்து இறக்கும் மேல்படுக்கை இரண்டு. அறுபது தாண்டிய இரண்டு ஆம்பிளைகளும் எழுபத்துநாலு வயது அக்காவும் அதற்குள் ஒருவர் திரும்ப மற்றவர் எழும்ப வேண்டும். அக்கா சீலை மாற்றும்போது நானும் ரவியும் நடையில் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்போம். குளியலறைக் கதவிலிருந்து மேல்படுக்கைச் சட்டம் வரை கயிறு கட்டி ஈர உடுப்புக் காயப்போட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்த ரின்னைத் திறந்து, காலையில் எங்களுக்குப் பருத்தித்துறை வடை பங்கிட்டார். “கப்பல்காரன் தாற ரொட்டியிலை உறைப்பில்லை” என்றார். ரவியின் குறட்டையைப் பற்றிப் பக்கத்து மேசைத் தமிழர்களிடம் சொல்லிச் சிரித்தார். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதைப் பார்க்கப் பார்க்க, நாங்கள் செய்தது சரி என்று எனக்குப் பட்டது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

நாலாவது படுக்கைதான் எங்களைப் போட்டு வதைத்தது. அறையைத் துப்புரவாக்கும் கோவாக்காரர் ஆள் இல்லாத படுக்கை என்று அதைச் சுவரோடு மடித்துவிட்டுப் போவார். அக்கா அவரைத் திருப்பிக் கூப்பிட்டு இறக்கச் சொல்வார். “தவத்தின்ரை இடம். அவன் வராட்டியும் அது கிடக்கட்டும்.” அதில் புதுத் துவாய் ஒன்றை மடித்து வைத்தார். அண்ணைக்கு எங்களிடம் கொடுத்துவிடவென்று கொண்டுவந்திருந்த பனங்கட்டிக் குட்டான்களையும் ஒடியல் கிழங்குப் பையையும் அதிலேயே வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் குனிந்த தலையோடு சட்டை மாற்றினோம்.

ரவி அடிக்கடி மேல்தளத்துக்குப் போய் அண்ணியோடு கதைத்துவிட்டு வருவான். மூன்றாம் நாள் மத்தியானம் அக்கா என்னிடம் கேட்டார்.

“டேய் நாதன், தவம் எப்பிடியாம்? ஒருக்கா எனக்கு எடுத்துத் தாவன், குரலைக் கேப்பம்.”

“அவர் நித்திரையாம் அக்கா.”

“நித்திரை கொள்ளட்டும். நித்திரைதான் மருந்து” என்றார் அக்கா. வாழ்நாளில் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்குக் கிட்ட அவை ஒன்றும் வராது.

அடுத்த நாள் காலை கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தது. பழைய சீமெந்து ஆலையைக் கண்டதும் அக்கா கையைத் தட்டிச் சிரித்தார். “இந்தா கிடக்கு கே.கே.எஸ். இதைப் பாக்கவோ நான் பலாலியிலை பிளேன் ஏறினனான்?” கழுத்தில் கப்பல் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, சுற்றுலாப் பயணியாகத் தன் சொந்த மண்ணில் இறங்கினார். பஸ் எங்களைக் கீரிமலைக்குக் கொண்டுபோனது. வழிகாட்டி மைக்கில் சொன்ன ஒவ்வொன்றையும் அக்கா திருத்தினார். பஸ்ஸே சிரித்தது.

கீரிமலையில் கடலோரம் கேணி, பக்கத்தில் சிவன் கோயில். அக்கா காலைக் கழுவிவிட்டு வாசலுக்கு நடந்தார். நாங்கள் நடக்கவில்லை. அப்பொழுதுதான், இருவருக்கும் ஒரே நேரத்தில், அந்த நினைப்பு வந்தது. துடக்குக்காரர் கோயில் வாசல் மிதிக்கக் கூடாது. பொய் சொல்லத் துணிந்த எங்களுக்கு அதற்கு மட்டும் துணிவு வரவில்லை. வெளிநாட்டில் முப்பது வருடம் இருந்தும் அந்தப் பயம் போகவில்லை.

அக்கா வாசலில் திரும்பி, “சேட்டுகளைக் கழட்டிக்கொண்டு வாங்கோவன்” என்றார்.

“நீங்கள் போட்டு வாங்கோ அக்கா, நான் செருப்பைப் பாக்கிறன்” என்றான் ரவி.

“எனக்குக் கால் உளையுது” என்றேன் நான்.

அவர் உள்ளே போனார். நாங்கள் போகவிட்டோம். அரை மணித்தியாலம் கழித்து, சின்ன இலையில் விபூதியும் பூவும் கொண்டு வெளியே வந்தார். முகம் தெளிவாக இருந்தது. “தவத்தின்ரை பேருக்கு அருச்சனை செய்தனான். அவிட்டம் எண்டு சரியாச் சொன்னனான். இனி அவனுக்குச் சுகம் வரும். இந்தாங்கோ” என்று இலையை நீட்டினார்.

ரவி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, “கை ஊத்தை” என்றான். நான் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டேன்.

அக்கா என் கையைப் பார்த்தார். பிறகு எங்கள் சட்டைகளைப் பார்த்தார். பொத்தான் ஒன்றும் கழற்றப்படவில்லை. வேறு யாரும் இதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். இரண்டு தம்பிமார் ஒன்றாகக் கோயிலுக்கு வெளியே நிற்கிறார்கள் என்றால், அந்த இரத்தத்தில் ஓர் இழவு விழுந்திருக்கிறது.

“ஆர்? தவமோ?”

நாங்கள் தலையை ஆட்டினோம். அவ்வளவுதான்.

“எப்ப?”

“திங்கட்கிழமை” என்றான் ரவி.

“திங்கட்கிழமைதானே கப்பல் ஏறினது. ஏற முந்தியோ, ஏறினாப் பிறகோ?” அது கந்தோர்க் குரல். தந்தி கிடைத்த நேரத்தைக் கேட்கும் குரல்.

“ஏற முந்தி.”

அக்கா அழவில்லை, கத்தவில்லை. கையிலிருந்த இலையை மதில்மேல் வைத்தார். “என்னைத் துடக்கோடை உள்ளுக்குப் போகவிட்டிட்டு, நீங்கள் ரெண்டு பேரும் சுத்தமா வெளியிலை நிண்டிருக்கிறியள்” என்றார்.

நேரே கேணிக்குப் போனார். பெண்களின் கேணி மறைப்புக்குள் இருப்பதால் நாங்கள் வெளியே நின்றோம். பயணத்துக்கென்று வாங்கிய பட்டுச் சீலையோடு அப்படியே இறங்கி முழுகிவிட்டு, தலையால் தண்ணீர் வழிய வந்தார். “சாக் கேட்டால் உடுத்த உடுப்போடை தோய வேணும். உங்களுக்கு அதுவும் மறந்துபோச்சோ தெரியாது” என்றார். ஓட்டோ ஒன்றை மறித்தார். ரவி குறுக்கே போய் நின்று, கப்பல்காரர் விடமாட்டார்கள், பாஸ்போட், கையெழுத்து என்று ஏதோ சொன்னான்.

“நான் என்ரை நாட்டிலை நிக்கிறன். துறைமுகத்திலை எழுதிக் குடுக்க எனக்குத் தெரியும். நீங்கள் போங்கோ. கப்பல் உங்களுக்காகக் காத்துக்கொண்டு நிக்காது.”

ஓட்டோக்காரர் இருக்கையில் சாக்கை விரித்தார். அக்கா ஏறிப் போனார். வீடு அங்கிருந்து ஏழு மைல்.

நாங்கள் கப்பலுக்குத் திரும்பினோம்.

இந்த ஒரு வரியை எழுத எனக்கு நாலு நாள் பிடித்தது. ஓட்டோவின் பின்னால் இன்னொரு ஓட்டோவில் போயிருக்கலாம். வீட்டு வாசலில் போய்க் கிடந்திருக்கலாம். செய்யவில்லை. பெட்டி அறையில் இருக்கிறது, விமானம் சென்னையிலிருந்து, இப்போது போனால் இன்னும் கோபிப்பார் என்று மறுபடியும் காரணங்கள். அறைக்கு வந்தால், கோவாக்காரர் அக்கா சொன்னபடி நாலாவது படுக்கையை இறக்கி, துவாயை நேராக்கி வைத்திருந்தார். அக்காவின் படுக்கையும் விரித்திருந்தது. “நல்ல காலம், நெஞ்சு நோ வரேல்லை” என்றான் ரவி. அன்று பின்னேரம் சாப்பாட்டு மண்டபத்துக்குப் போய்ச் சாப்பிட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அக்கா அந்த வீட்டில் தனியே இருந்து மிச்சத் துடக்கைக் காத்து முடித்திருக்கிறார். எங்கள் போனை எடுக்கவில்லை. பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு நெல்லியடியில் திலகத்தோடு போயிருந்தார் என்று கேள்விப்பட்டு, அந்த விலாசத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். திறக்காமலே திரும்பி வந்தது. உறையின் மூலையில் அக்காவின் உருண்டை எழுத்தில் “பெறுநர் ஏற்கவில்லை” என்றிருந்தது. ஏற்காமல் விட விலாசக்காரருக்கு உரிமை உண்டு என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததும் அவர்தான்.

திலகம் சொன்ன செய்தியைக் கேட்டதும் ரவி, “பழிவாங்கிப்போட்டா” என்று அழுதான். பழிதான். எதற்கு மழுப்ப வேண்டும்? செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்குக் கோபம் இருக்கிறது. அந்த முப்பத்தொரு நாளுக்குள் அக்காவின் பிறந்த நட்சத்திரம் வந்தது. நான் லண்டனில் கோயிலுக்குப் போய், சட்டையைக் கழற்றி, “புவனேஸ்வரி, உத்தரட்டாதி, நோய் நொடி இல்லாமல்” என்று ஐயரிடம் சொல்லி அருச்சனை செய்தேன். விபூதியை வாங்கி நெற்றி நிறையப் பூசினேன். அப்போது அக்கா சாம்பலாகிப் பதினெட்டு நாள். என்னையும் துடக்கோடு உள்ளே போகவிட்டுவிட்டார்.

காலம் கடந்து சாக் கேட்டால் துடக்கு இல்லை, ஒரு முழுக்குத்தான். திலகத்தின் போனை வைத்துவிட்டு, வேலைக்கு உடுத்த உடுப்போடு குளியலறையில் தண்ணீருக்குக் கீழே நின்றேன். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. என்னை ஆளாக்கிய அக்காவுக்கு நான் காத்த துடக்கு அந்தப் பத்து நிமிடம்தான்.

ஈரத்தோடு வந்து, அக்கா திருப்பி அனுப்பிய என் கடிதத்தை நானே உடைத்து வாசித்தேன். நாலு பக்கம். நெஞ்சு வருத்தம், விசா, டிக்கற், ரவி எல்லாம் இருந்தது. ஒன்று மட்டும் இல்லை. கப்பல் ஏறிய அன்று காலை போனில் அண்ணி அழுதுகொண்டு கேட்ட ஒரே ஒரு காரியம் அதில் இல்லை. கீரிமலையிலும் நாங்கள் அதைச் சொல்லவில்லை, தலையைத்தான் ஆட்டினோம். சொன்னால் எங்கள் குற்றம் இன்னும் பெருக்கும் என்பதால், நானும் ரவியும் அதைப் பற்றி எங்களுக்குள்ளும் பிறகு கதைத்ததில்லை.

அக்காவின் வீடு எனக்கு வேண்டாம். அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது இந்தச் செய்தி ஒன்றுதான். இரண்டு வருடமாக என் கையில் கிடக்கிறது. அதில் எழுதியிருக்கும் பெயர் என்னுடையதில்லை.

அக்கா, திங்கட்கிழமை விடியத் தவமண்ணை மோசம் போயிட்டார். “முதல்லை அக்காவுக்குச் சொல்லுங்கோ, மற்றவைக்குப் பிறகு சொல்லலாம்” எண்டு, கடைசியா வாய் திறந்து சொன்னவராம்.